வாய்ப்பை உண்டாக்குவது: போனால் தாங்கும் தொகையிலிருந்து தொடங்குங்கள்

திருநெல்வேலிப் பக்கம் படித்து முடித்து வீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றிக் கேட்டால், பெரியவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “அதுக்கு ஒரு நேரம் வரணும்லா.” பிரியத்தில் சொல்வதுதான். ஆனால் வாய்ப்பு எங்கோ தயாராக இருக்கிறது, அது நம் தெருவுக்கு வழி கேட்டு வந்து சேரவேண்டும் என்ற நினைப்பு அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது.

அப்படி வெளியிலிருந்து வரும் வாய்ப்புகளும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு ஆலை வருகிறது, தேர்வாணையம் ஒரு அறிவிப்பு விடுகிறது. இவை நம் கையில் இல்லை. தயாராக இருக்கலாம், அவ்வளவுதான். இன்னொரு வகை, ஒரு மனிதர் ஏதோ ஒன்றைச் செய்யத் தொடங்கியதால் மட்டுமே பிறப்பது. அவர் செய்யாமல் இருந்திருந்தால் அப்படி ஒரு வாய்ப்பே இருந்திருக்காது. இந்தக் கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும்.

அடுக்களையில் இருப்பதை வைத்து

சொல்லாமல் கொள்ளாமல் நாலு பேர் சாப்பிட வந்துவிட்டார்கள். சமைப்பதற்கு இரண்டு வழி. இன்ன குழம்புதான் என்று முடிவு செய்து, இல்லாத சாமானுக்குக் கடைக்கு ஆள் அனுப்புவது ஒன்று. அடுக்களையில் என்ன கிடக்கிறது என்று பார்த்து, அதில் ஆகக்கூடியதைச் செய்வது மற்றொன்று. நம் வீடுகளில் அம்மாக்கள் செய்வது இரண்டாவது.

தொழில் தொடங்குபவர்களை ஆராய்ந்த சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர் காட்டும் உவமையும் கிட்டத்தட்ட இதுதான். பெரிய நிறுவனங்களைக் கட்டி எழுப்பிய 27 பேரிடம் ஒரு கற்பனைப் பொருளைக் கொடுத்து, இதை வைத்து எப்படித் தொழில் நடத்துவீர்கள் என்று வாய்விட்டு யோசிக்கச் சொன்னார். 2001இல் அந்த ஆய்வை வெளியிட்டார். இலக்கை முதலில் குறித்துவிட்டு அதற்கான பணத்தையும் ஆளையும் தேடுவதைவிட, கையிலிருப்பதை எடுத்துக்கொண்டு அதிலிருந்து என்னென்ன இலக்குகள் சாத்தியம் என்று பார்ப்பதே அவர்களின் யோசனையில் மேலோங்கியிருந்தது. எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற கணக்குக்கு முன், எவ்வளவு போனால் தாங்கும் என்ற கணக்கைப் போட்டார்கள்.

இந்த இரண்டாவது கணக்குதான் நமக்கு முக்கியம். முதலில் கையிலிருப்பதை எண்ணிவிடுவோம்.

ஒரு முழுத்தாள் எடுத்து மூன்று பகுதியாகக் கோடு போடுங்கள். நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும். பெரும்பாலானவர்கள் இடறுவது நடுப்பகுதியில். “கடின உழைப்பு”, “நல்ல பேச்சுத்திறன்” என்று எழுதி வைப்பார்கள். அதை வைத்து யாரும் எதையும் வாங்க முடியாது. செய்து கொடுக்கக்கூடிய வேலையாக எழுதுங்கள். ‘ஜாக்கெட் தைப்பேன், கைக்குழியில் சுருக்கம் வராது’, ‘மோட்டாருக்குக் காயில் கட்டத் தெரியும்’, ‘டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவேன்’, ‘இருபது பேருக்குச் சொதி வைப்பேன்’. ஒவ்வொரு வரியையும் ‘இதற்கு யார் காசு கொடுப்பார்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆள் தெரிந்தால் வரி நிற்கட்டும்.

முதல் பகுதியில் இடத்தையும் எழுதுங்கள். களக்காட்டுக்காரருக்கு வாழைத்தோட்டம் பக்கத்தில் இருப்பது ஒரு சொத்து. பத்தமடைக்காரருக்குக் கோரைப்பாய், காருகுறிச்சிக்காரருக்கு மண்பாண்டம். வெளியூர்க்காரர் காசு கொடுத்துக் கற்க வேண்டியதை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறீர்கள். மூன்றாம் பகுதியில் குறைந்தது 30 பெயர் வரவேண்டும். பள்ளியில் கூடப் படித்தவர், பழைய வாத்தியார், மருந்துக்கடை அண்ணாச்சி, மும்பையில் இருக்கும் மைனியின் தம்பி என எல்லாரையும் எழுதுங்கள். அடிக்கடி பேசாதவர் என்று யாரையும் விட்டுவிடாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

எல்லாருடைய தாளும் ஒரே நீளம் இருக்காது. நிலமும் படிப்பும் சொந்தபந்தமும் உள்ள வீட்டுப் பிள்ளையின் தாள் இரண்டு பக்கம் போகும். பீடி சுற்றி வாழும் வீட்டுப் பெண்ணின் தாள் பத்து வரியில் முடியலாம். அந்த வேறுபாடு அநியாயமானது, அதை மறைத்துப் பேசுவதில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. தாள் சின்னதாக இருப்பவருக்குத்தான் அடுத்த கணக்கு உயிர்நாடி.

எவ்வளவு போனால் தாங்கும்?

இந்தத் தொகைக்கு ஒரு எளிய அளவு இருக்கிறது. அந்தப் பணம் நாளைக்கு முழுவதும் போய்விட்டால், இந்த மாத அரிசி, வாடகை, பிள்ளையின் ஃபீஸ், மருந்து இவற்றில் ஏதாவது நிற்குமா? நிற்கும் என்றால் தொகை அதிகம். சிலருக்கு அது 50,000, சிலருக்கு 500. 500 என்றால் 500க்குள் ஆகும் முயற்சியைத் தேடவேண்டும். கடன் வாங்கி 50,000 ஆக்கக் கூடாது.

குறிப்பாக வட்டிக்கடன். 10 ரூபாய் வட்டி என்றால் 100 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய், ஆண்டுக்கு 120 சதவீதம். எந்தச் சின்னத் தொழிலும் முதல் ஆண்டில் அவ்வளவு லாபம் தராது. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதலே சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே பச்சைக் குழந்தைகளோடு தீக்குளித்தது. இந்த ஊரில் இருந்துகொண்டு ‘துணிந்து இறங்கு, ரிஸ்க் எடு’ என்று பொத்தாம்பொதுவாக யாருக்கும் சொல்ல எங்களால் முடியாது. மகளிர் சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்கள், தேவைப்பட்டால் குழுவின் உள்கடனை முதலில் கேளுங்கள். அதுவும் முதல் சோதனைக்கு வேண்டாம், இரண்டாவது மூன்றாவது தடவைக்கு.

ஒரு ஈடு ஏத்தங்காய் சிப்ஸ்

கணக்கு எப்படி ஓடுகிறது என்று கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெண். நன்றாக சிப்ஸ் போடுவார். தாங்கும் தொகை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்குக்காக எடுத்தவை. அன்றைய சந்தை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

தோலோடு 4 கிலோ ஏத்தங்காய்க்கு, அதாவது நேந்திரங்காய்க்கு, ஏறக்குறைய 1 கிலோ சிப்ஸ் தேறும். முதல் சோதனைக்கு 8 கிலோ காய், கிலோ 40 வீதம் 320. எண்ணெய் 2 லிட்டர், 160 வீதம் 320. கேஸ் 60, உப்பும் மஞ்சளும் 10, கவரும் ஸ்டிக்கரும் 60. ஆகமொத்தம் 770. கிடைப்பது 2 கிலோ, 100 கிராம் பாக்கெட்டாக 20. ஒன்று 40 ரூபாய் என்று எல்லாம் விற்றால் 800. தேறுவது 30 ரூபாய், அதுவும் நாலு மணி நேரக் கூலியைச் சேர்க்காமல்.

“இதுக்கா இந்தப் பாடு?” என்று இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். 770 ரூபாய் கொடுத்து அவர் வாங்கியது என்ன என்று பாருங்கள். ஒரு பாக்கெட்டின் அடக்கவிலை 38 ரூபாய் 50 காசு என்பது இப்போது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கடைக்காரருக்குக் கழிவு கொடுத்தால் கைநட்டம் என்பதும் தெரியும். செலவில் எதைக் குறைக்கலாம் என்பதும் தெரியும்: எண்ணெய். சிப்ஸ் குடித்தது 600 மில்லி சுமார்தான். மீதி சட்டியில் நிற்கிறது. அதை ஆறவைத்து நாலு நாள் கழித்துச் சுடவைத்தால் சிக்கு வாடை வரும். அடுத்த தடவை ஒரே நாளில் இரண்டு ஈடு போட்டால்? 16 கிலோ காய் 640, எண்ணெய் 2.7 லிட்டர் 432, கேஸ் 100, உப்பு மஞ்சள் 20, கவர் 120. மொத்தம் 1,312. பாக்கெட் 40. அடக்கம் 32 ரூபாய் 80 காசு. முதல் சோதனையில் வந்த 800 கையில் இருப்பதால், இந்த 1,312க்கு அவர் வீட்டுப் பணத்தில் எடுப்பது 512தான். தாங்கும் தொகைக்குள்ளேயே நிற்கிறார்.

சரக்கு கெடும் இடங்களும் இப்போதே தெரிந்துவிடும். காய் முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. பழுக்கத் தொடங்கினால் மாவுச்சத்து சர்க்கரையாகும், எண்ணெயில் விழுந்ததும் சிவந்து கருகும், உள்ளே மெதுமெதுவென்று நிற்கும். சீவல் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் ஒரே கனமாக இருக்க வேண்டும்; கனம் மாறினால் பாதி கருகும்போது பாதி வேகாது. உப்புத் தண்ணீர் தெளிப்பது சலசலப்பு அடங்கும் நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. கை பொறுக்கும் சூட்டில் கவரில் போட்டுவிடுவதுதான் புதியவர்கள் எல்லாரும் செய்யும் தவறு. ஆவி உள்ளே தண்ணீராகிறது, மூன்றாம் நாள் நமத்துப் போகிறது. வாங்கினவர் வாயைத் திறந்து சொல்லமாட்டார், மறுபடி வாங்கமாட்டார். நன்றாக ஆறட்டும், பிறகு சீலிங் மெஷினில் ஒட்டுங்கள். ஓணத்துக்கு முந்தின வாரங்களில் கேரளத்துத் தேவையால் காய் விலை ஏறும். அந்த நேரத்தில் சோதனை செய்து ‘கட்டுபடியாகாது’ என்று முடிவுகட்ட வேண்டாம்.

விற்பனைக்கு இறங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்கவேண்டும். சின்ன அளவில் செய்பவர்களுக்குப் பதிவே போதும். கவரில் அந்த எண், சேர்மானம், நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை நல்லது, விலை, முகவரி, சைவத்துக்கான பச்சைக் குறி எல்லாம் இருக்கவேண்டும்.

இப்போது வாய்ப்பு உண்டாகும் இடம். 40 பாக்கெட்டில் ஐந்தாறை விற்காமல், தாளின் மூன்றாம் பகுதியில் உள்ளவர்களுக்குக் கொடுக்கிறார். அதில் ஒருவர் கல்யாணச் சமையல் எடுக்கும் தவசுப்பிள்ளை. அவர் சொல்கிறார்: “யம்மா, பாக்கெட்டு எனக்கு எதுக்கு? மறுவீட்டுச் சொதிக்கு இலைக்கு வைக்க மொத்தமா 5 கிலோ வேணும், போட்டுத் தாரியா?” கவர் வேண்டாம், கடைக் கழிவு வேண்டாம், அடக்கம் கிலோ 300 ரூபாய்க்குள் இறங்கிவிட்டது, 350க்குக் கொடுத்தாலும் நிற்கும். பாக்கெட் சிப்ஸ் விற்கப் போனவர் இப்போது கல்யாண வீடுகளுக்குச் சரக்குப் போடுபவர். அந்தத் தவசுப்பிள்ளை முன்பணம் 500 கொடுத்துவிட்டால், அடுத்த ஈட்டின் நட்டத்தில் அவருக்கும் பங்கு வந்துவிட்டது. ‘நல்லா இருக்கு’ என்ற பாராட்டை நம்பி எதையும் பெரிதாக்காதீர்கள். முன்பணம், மறு ஆர்டர், ‘இவரைப் போய்ப் பார்’ என்று இன்னொருவரிடம் அனுப்புவது, இந்த மூன்றில் ஒன்று வந்தால்தான் அடுத்த அடி.

தையலுக்கும், மோட்டார் ரிப்பேருக்கும், டியூஷனுக்கும் கணக்கு இதேதான்.

அரைகுறையாகத் தெரிந்தவர்கள்

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரத்தை அடுத்த நியூட்டனில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். வேலையைச் சொன்ன ஆளை அந்தச் சமயத்தில் எத்தனை தடவை பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வாரத்துக்கு இரண்டு தடவையாவது பார்த்தவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். அவ்வப்போது பார்ப்பவர் என்றவர்கள் 55.6. ஆண்டுக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8. அதாவது ஆறில் ஐந்து பேருக்கு வேலை வந்தது, நெருக்கமில்லாத ஆளிடமிருந்து. 1973இல் அவர் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது.

காரணம் எளிது. நம் தெருக்காரருக்கும் நெருங்கிய கூட்டாளிக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். எப்போதாவது பார்க்கும் ஆள் வேறு வட்டத்தில் புழங்குகிறார். நம் காதுக்கு வராத செய்தி அவர் காதில் விழுகிறது. மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையில் ஆடு பார்க்க வருபவருக்கு, பாளையில் வேலைக்குப் போகும் ஆளுக்குத் தெரியாத ஐம்பது விஷயம் தெரியும்.

ஆனால் அவர்களிடம் கேட்கும் விதம் இருக்கிறது. “அண்ணாச்சி, எங்கயாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்றால், “சரி தம்பி, பாப்போம்” என்பார், உண்மையாகவே சொல்வார், வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவார். அவர் செய்வதற்கு நாம் ஒன்றும் கொடுக்கவில்லை. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “அண்ணாச்சி, நான் பி.காம். முடிச்சிருக்கேன், டேலி தெரியும். உங்க கணக்குப் பாக்குற ஆடிட்டர் ஆபீஸ்ல மாசம் பொறந்து முதப் பத்து நாளைக்கு பில் ஏத்த ஆள் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுதியளா? ஒரு வாரம் சும்மாவே வந்து செய்யுதேன், பிடிச்சா வச்சுக்கிடட்டும்.”

ஏன் முதல் பத்து நாள்? மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர்கள் முந்தின மாத விற்பனை விவரத்தை 11ஆம் தேதிக்குள்ளும், வரிக்கணக்கை 20ஆம் தேதிக்குள்ளும் ஏற்றவேண்டும். அந்த நாட்களில் ஆபீஸில் பில் மலைபோல் குவிந்து கிடக்கும், ஆள் போதாது. அதனால் பேசப் போவது 20 தேதிக்கு மேல், வேலைக்கு வருவதாகச் சொல்வது அடுத்த 1ஆம் தேதி. 10ஆம் தேதி மாலை ரெஸ்யூமோடு போய் நின்றால் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு நெருக்கடி நாள் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது ஊரில் இருப்பவருக்கு எளிது. சும்மா வேலை ஒரு வாரம் மட்டும். அதற்கு மேல் கூலி பேசாமல் வைத்திருந்தால் அது சுரண்டல், வந்துவிடுங்கள்.

25 ரூபாய்ப் பங்கு

இந்த வழி நமக்குப் புதிதில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்துத் தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த வ.உ.சிதம்பரனார், 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தபோது அவரிடம் கப்பல் கிடையாது. இருந்தவை சட்ட அறிவு, தூத்துக்குடி வியாபாரிகளின் பழக்கம், ஆங்கிலேயக் கம்பெனி மீது அவர்களுக்கிருந்த மனக்குறை. முதலில் வாடகைக் கப்பல். வாடகைக்கு விட்டவர்கள் நெருக்குதலுக்குப் பயந்து பின்வாங்கியதும் கொழும்புக்குப் போய் வேறு கப்பல் பிடித்தார். பிறகுதான் பங்குப் பணத்தில் ‘காலியா’, ‘லாவோ’ என்ற சொந்தக் கப்பல்கள். மூலதனம் 10 லட்சம். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. பெரும் தொகை ஒருவர் தலையில் விழாமல் பலர் தாங்கும் அளவுக்குப் பிரிந்தது.

எதிர்க் கம்பெனி கட்டணத்தை இறக்கி இறக்கி, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்ள முன்வந்தது. 1908இல் அவரைச் சிறையில் தள்ளியதும் சங்கம் நிலைகுலைந்தது. அவர் இழந்தது நாட்டுக்காக இழந்தது. அதை வியாபாரக் கணக்கில் வைத்து அளக்கக் கூடாது. அவர் தொடங்கிய வரிசையை மட்டும் கவனியுங்கள்: தெரிந்த மனிதர், வாடகை, பங்கு, அதன்பிறகே சொந்தம். இன்று பலர் இதைத் தலைகீழாக, முதலில் மெஷின் வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள்.

ஆண்டுகளுக்கும் இதே கணக்கு

பாளையங்கோட்டை நூலகத்தில் காலை முதல் இரவுவரை குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்களுக்கு மனம் நெகிழும். அந்த உழைப்பு வீணாகக் கூடாது என்பதால் சொல்கிறோம். போனால் தாங்கும் ஆண்டு எத்தனை என்பதைத் தொடங்கும்போதே வீட்டாரோடு பேசி எழுதிவையுங்கள். இரண்டு முயற்சி என்றால் இரண்டுதான். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். ஆகவே தமிழைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுபவர் தோற்பது வழக்கம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துத் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் பயிற்சி இலவசம். வாரத்தில் ஒரு நாள் டேலியோ தையலோ வேறொரு கைவேலையோ பழகுங்கள். அப்போதுதான் இரண்டாம் முயற்சி தவறினாலும் தாளின் நடுப்பகுதி வெறுமையாக இருக்காது.

கடன் எப்போது?

மறு ஆர்டர் மூன்று மாதம் தொடர்ந்து வந்து, கைவேகம் போதாமல் ஆர்டரைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தால். அதற்கு முன் வேண்டாம். அந்தக் கட்டத்தில் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்டம் போடலாம்; அதில் ஒரு பகுதி மானியம். ஆனால் மானியம் கையில் வராது. வங்கியில் மூன்று ஆண்டு உங்கள் பெயரில் நிறுத்திவைத்து, பிறகுதான் கடனில் கழிப்பார்கள். அதுவரை தவணையைச் சொந்த வருமானத்தில் கட்டவேண்டும். மானியத்தைக் கைமுதலாக எண்ணித் தொழில் போட்டவர்கள் ஆறாம் மாதத்திலேயே திணறுவது இதனால்தான். 50,000க்குள் போதும் என்றால் முத்ரா திட்டத்தின் சிசு கடனைக் கேளுங்கள், அடமானம் இல்லை.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு முற்றிலும் இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம். அதேபோன்ற முகப்போடு பணம் கேட்கும் தளங்களும் இருக்கின்றன. கட்டணம் என்று கேட்டாலே அது அரசுத் தளம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள். வங்கிக்குப் போகும்போது சோதனை ஈடுகளின் வரவு செலவு எழுதின நோட்டையும், மறு ஆர்டர் கொடுத்தவர்களின் பெயர் எழுதின பக்கத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். திட்ட அறிக்கையில் எழுதிய எண்கள் எங்கிருந்து வந்தன என்று மேலாளர் கேட்பார். அந்த நோட்டைத் திறந்து காட்டுங்கள்.